மதிப்பு யாருடைய கணக்கில்? எல்லையோர அடுக்களைகளை முன்வைத்து

குறைந்த செலவில் அடுக்களையைப் புதுப்பித்தால் வீட்டின் மதிப்பு உயரும் என்னும் அறிவுரை, பெருநகர அடுக்ககங்களைக் கடந்து இப்போது நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்து ஊர்களையும் வந்தடைந்திருக்கிறது. அலமாரி விற்போர் சொல்கிறார்கள். வீட்டுக்கடன் தருவோர் சொல்கிறார்கள். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் மகனும் அதையே சொல்கிறான். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழிலும் இந்தப் பக்கம் மலையாளத்திலும் சொல்லப்படும் இவ்வறிவுரையில், 'மதிப்பு' என்னும் சொல் மட்டும் எவ்வித விளக்கமுமின்றிக் கடந்துபோகிறது. எந்த மதிப்பு, எந்த நாளில் கைக்கு வருவது, யாருடைய பெயரில் எழுதப்படுவது என்று எவரும் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால் இவ்வறிவுரை மூன்று இடங்களில் உடைகிறது. உடைந்தபின் எஞ்சும் உண்மை எளியது. அடுக்களையில் செய்யத்தக்க மிக மலிவான மாற்றங்களே அங்கு நிற்பவரின் உடலுக்கு மிகுந்த பயன் தருகின்றன. ஆயினும் பணம் அவற்றுக்குக் கடைசியாகவே வந்து சேர்கிறது.

முதலில் வீட்டைப் பார்க்கலாம். இவ்வூர்களில் கடந்த முப்பது ஆண்டுகளில் எழுந்த காங்கிரீட் வீடுகளுள் பலவற்றில் அடுக்களைகள் இரண்டு. ஒன்று உணவுக்கூடத்தை ஒட்டியது: மெருகிட்ட கருங்கல் மேடை, மேலும் கீழும் அலமாரிகள், எரிவாயு அடுப்பு. அதன் பின்கதவைத் திறந்தால் மற்றொன்று: கேரளம் முழுவதும் 'ஒர்க் ஏரியா' என்று பெயர் பெற்றுவிட்ட, தகரமோ ஓடோ வேய்ந்த சாய்ப்பு. விறகடுப்பு அங்கேதான் இருக்கிறது. சோறு வேகுவதும் மரச்சீனி அவிவதும் மீன் கழுவப்படுவதும் குளிக்க வெந்நீர் காய்வதும் அங்கேதான். முன்னது வருபவர் பார்வைக்கு. பின்னது இருப்பவர் உழைப்புக்கு. கட்டட வரைபடத்தில் முன்னதற்கே 'அடுக்களை' என்று பெயர். புதுப்பித்தல் என்று பேசும்போதும் முன்னதையே எல்லாரும் எண்ணுகிறார்கள். இலட்சங்கள் செலவாகும் அலமாரிகளுக்குப் பின்னால், சில ஆயிரங்களில் முடியக்கூடிய புகைக்குழாய் இல்லாத ஓர் அடுப்பின் முன் ஒருவர் குனிந்து நிற்கும் நிலை ஏதோ விதிவிலக்கு அன்று. அவ்வீட்டின் அமைப்பே அதற்கு இடம் வகுத்திருக்கிறது.

அறிவுரை உடையும் முதல் இடம் சந்தை. வீட்டின் விலை விற்கும் நாளில் மட்டுமே பணமாகும். வீடுகள் அடிக்கடி கைமாறும் அமெரிக்காவில், சீரமைப்புச் செலவில் எவ்வளவு விலையாகத் திரும்புகிறது என்று ஆண்டுதோறும் கணக்கிட்டு வெளியிடுகிறார்கள். அங்கும் ஆடம்பரமான பெரிய அடுக்களைச் சீரமைப்பைவிடச் சிறிய சீரமைப்பே தன் செலவில் கூடுதலான பங்கை மீட்கிறது. அறிவுரை பிறந்த மண்ணிலேயே நிலைமை இதுவென்றால், தந்தை கட்டிய வீட்டில் மகன் வாழ்ந்து, பேரனுக்குப் பாகம் பிரிக்கும் பாறசாலையில் அதற்கு என்ன பொருள்? இங்கு விற்பனை நிகழும்போதும் பேரம் பெரும்பாலும் மண்ணைப் பற்றியது: எத்தனை சென்ட், சாலையை ஒட்டியதா, வண்டி வந்து நிற்குமா, கிணறு கோடையில் வற்றுமா என்பவையே கேள்விகள். பத்தாண்டு பழகிய அலமாரிப் பலகை ஈரத்தில் உப்பியிருக்கும். வாங்குபவர் அதைக் கழற்றி எறிவார்.

அரசின் பதிவேடும் இந்த மதிப்பைக் காண்பதில்லை. கேரளத்தில் கட்டட வரி விதிப்புக்கு அடிப்படையாவது தரைப்பரப்பு. பரப்பு கூடாதவரை, புகை நிறைந்த அடுக்களையும் புகை நீங்கிய அடுக்களையும் வருவாய்த்துறையின் கண்ணுக்கு ஒன்றே. ஆக, அறிவுரையாளர் வாக்களிக்கும் மதிப்பு வரிக்கணக்கிலும் இல்லை, பேரத்திலும் பெரிதாக இல்லை. விருந்தினரின் ஒரு நொடிப் பார்வையில் அது இருக்கிறது. அதுவும் ஒரு மதிப்புதான். ஆனால் அதற்கு மதிப்புயர்வு என்று பெயர் சூட்டி முதலீடாகக் காட்டுவது நேர்மையன்று.

இரண்டாவது இடம் ஆவணம். விலை உயர்கிறது என்றே கொள்வோமாயின், உயர்வது யாருடைய சொத்து? திருவிதாங்கூரின் சட்ட வரலாறு இங்கு நேராகப் பொருந்துகிறது. 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறித்தவர் வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாது இறந்த தந்தையின் சொத்தில் மகளுக்கு மகன் பங்கின் நான்கிலொரு பகுதி அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதை மட்டுமே அளித்தது. அச்சட்டத்திலேயே ஒரு விலக்கும் இருந்தது. ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்காறுடைய சில பிரிவினருக்கு அவ்விதிகள் பொருந்தா என்று அது கூறிற்று. அவ்வாறு விலக்குப் பெற்ற சில சீர்திருத்தச் சபைக் கிறித்தவர்கள் வாழ்ந்த ஐந்து தாலுகாக்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. மகளுக்குச் சமபங்கு என்பது இம்மண்ணுக்கு வெளியிலிருந்து வந்த புதுமை அன்று என்பதற்கு அந்த விலக்கே சான்று. 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் 1951-லேயே வழக்கொழிந்ததென்று தீர்ப்பளித்து, இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்றது.

ஆனால் இந்தச் சமபங்கு பெறப்படும் வீடு வேறு, சமைக்கப்படும் வீடு வேறு. மகளுக்குப் பங்கு கிடைப்பது பிறந்த வீட்டில். அவள் நாள்தோறும் அடுப்பின் முன் நிற்பதோ புகுந்த வீட்டில். அவளுடைய உழைப்பு நடக்கும் அடுக்களை கணவனின் பெயரிலோ மாமனாரின் பெயரிலோ உள்ள ஆவணத்துக்குள் இருக்கிறது. அவளுடைய நகையை அடகு வைத்து அந்த அடுக்களை புதுப்பிக்கப்பட்டாலும், உயரும் விலை அந்த ஆவணத்திலேயே சேர்கிறது. 'வீட்டின் மதிப்பு' என்று இலக்கணத்தில் வீட்டை உடைமையாளராக்கிப் பேசும் வழக்கு இந்த இடைவெளியை மறைத்துவிடுகிறது. வீட்டுக்கு மதிப்பு கிடையாது. வீட்டை உடையவருக்கே உண்டு. அடுக்களையைப் பயன்படுத்துபவரும் உடையவரும் ஒருவராக இல்லாத இடத்தில், விலையை அளவுகோலாகக் கொள்வது உடையவரின் பக்கம் சாய்வதாகும்.

மூன்றாவது இடம் உடல். அடுக்களையின் மதிப்பை அங்கே நிற்பவரின் நுரையீரலாலும் முதுகாலும் நேரத்தாலும் அளந்தால் கணக்கு முற்றிலும் மாறுகிறது. குஜராத் ஊர்களில் சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் காற்றை அளந்து, கிர்க் ஸ்மித்தும் அவருடன் பணியாற்றியவர்களும் 1983-இல் வெளியிட்ட ஆய்வு, அதுவரை தொழிற்சாலைப் புகையையே காற்று மாசாகக் கருதிவந்த அறிவியலை அடுப்பின் பக்கம் திருப்பியது. வீட்டினுள் எழும் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. 2019-இல் நடந்த இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், அவற்றில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். 299 நிமிடம் என்பது ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவு. அந்நேரத்தின் பெரும்பங்கு கழியும் இடத்தைப் பற்றிய முடிவை, அங்கே 97 நிமிடம்கூட நில்லாதவர் விலையை நோக்கி எடுப்பதுதான் இன்றைய புதுப்பித்தல்.

எரிவாயு வந்தபின் விறகைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்று கேட்கப்படலாம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தூய எரிபொருளைச் சமையலுக்குப் பயன்படுத்தும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் சுமார் 83 விழுக்காடு. கேரளத்தில் சுமார் 72 விழுக்காடு. எழுத்தறிவிலும் மருத்துவத்திலும் முன்னிற்கும் மாநிலம் இதில் அண்டை மாநிலத்துக்குப் பின்னால் நிற்கிறது. காரணம் அறியாமை அன்று. வீட்டைச் சுற்றியுள்ள தென்னை தரும் மட்டையும் பாளையும் சிரட்டையும், ரப்பர்த் தோட்டத்தின் கழிவு விறகும் காசின்றிக் கிடைக்கின்றன. நெடுநேரம் வேகவேண்டிய தடித்த புழுங்கலரிசிக்கும், பெருங்கலத்தில் அவியும் மரச்சீனிக்கும், குளியல் வெந்நீருக்கும் சிலிண்டரைத் தீர்க்க எந்தக் குடும்பமும் விரும்புவதில்லை. ஆகவே எரிவாயு அடுப்பு முன்னறையிலும் விறகடுப்பு சாய்ப்பிலும் ஒருசேர வாழ்கின்றன. 1 மே 2016 அன்று பலியாவில் தொடங்கப்பட்ட உஜ்வலா திட்டம் ஏழைப் பெண்களின் பெயரில் இணைப்பு வழங்கியது. அது பெரும் செயல். ஆனால் இணைப்பு கிடைப்பது ஒன்று, மீண்டும் மீண்டும் உருளையை நிரப்ப முடிவது வேறொன்று. விறகடுப்பு இன்னும் பல்லாண்டு நீடிக்கும் என்றால், அதன் புகையை வெளியேற்றுவதே முதல் புதுப்பித்தலாக இருக்கவேண்டும்.

அதற்கான அறிவுக்கும் பஞ்சமில்லை. மகன்லால் காந்தியின் பெயர் தாங்கிய மகன் சூல்ஹா 1947-இல் வார்தாவில் உருவானது. ஐதராபாத்தின் பொறியாளர் எஸ்.பி. ராஜு, கோடிக்கணக்கான எளியோருக்குப் புகையற்ற அடுக்களை வேண்டும் என்பதைத் தலைப்பிலேயே அறிவித்த ஆங்கிலச் சிறுநூலை 1953-இல் சென்னையில் வெளியிட்டார். 1962-இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், எண்பதுகளில் புகைக்குழாயுடன் கூடிய மேம்பட்ட அடுப்பை வடிவமைத்துக் கேரளமெங்கும் கொண்டுசென்றது. 'பரிஷத் அடுப்பு' என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. அவ்வியக்கத்தின் மற்றொரு பொருள் 'சூடாறாப்பெட்டி'. மலையாளப் பெயர்தான், ஆயினும் எல்லையின் எப்பக்கத்துத் தமிழருக்கும் அதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அரிசியைக் கொதிக்கவைத்துக் கலத்தோடு அப்பெட்டிக்குள் இறக்கி மூடினால், தன் சூட்டிலேயே சோறு வெந்துவிடும். அடுப்பின் முன் நிற்கும் நேரம் குறைகிறது. விறகோ எரிவாயுவோ மிச்சமாகிறது. வீட்டின் விலையை ஒரு ரூபாய்கூட உயர்த்தாத இப்பெட்டி, அடுக்களையில் நிற்பவருக்குக் காலைப்பொழுதில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது.

இவ்விடத்தில் ஆய்வுலகத்தின் ஒரு வழக்கமான மறுப்பு எழும்: மேம்பட்ட அடுப்புகள் தோற்றுப்போயின, பெண்களே அவற்றை ஏற்கவில்லை. முதற்கூற்றில் உண்மை உண்டு. எண்பதுகளில் தொடங்கிய மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டம் 3 கோடிக்கு மேற்பட்ட அடுப்புகளை நிறுவிவிட்டு 2002-இல் கைவிடப்பட்டது. ரேமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோர் ஒடிசாவில் பல ஆண்டுகள் தொடர்ந்து நடத்திய ஆய்வு, முதலாண்டில் குறைந்த புகை பின்னர் பழைய நிலைக்குத் திரும்பியதைக் காட்டியது. ஆனால் அவ்வாய்வே தரும் காரணம் கவனிக்கத்தக்கது: அடுப்புகள் ஒழுங்காகப் பயன்படுத்தப்படவும் இல்லை, பழுதுபார்க்கப்படவும் இல்லை. விரிசல்விட்ட அடுப்பைப் பூசவும், கரி அடைத்த குழாயைத் தட்டவும் எவருக்கும் பொறுப்பில்லை. மகிழுந்தின் பழுதை எவரும் 'ஆண்கள் மகிழுந்தை ஏற்கவில்லை' என்று விளக்குவதில்லை. பழுதுபார்ப்புக்கு ஆளும் பணமும் ஒதுக்காத குடும்பத்தின் தோல்வியை, ஒதுக்கும் அதிகாரமே இல்லாத ஒருவரின் விருப்பமின்மை என்று எழுதுவது ஆய்வு ஆகாது.

ஜியோ பேபியின் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' 2021-இல் வெளிவந்தபோது கேரளம் முழுவதும் விவாதித்தது. தீட்டு, சடங்கு, திருமணம் என விவாதம் பல திசைகளில் சென்றது. படத்தின் நடுவில் இருப்பதோ ஓர் ஒழுகும் குழாய். கழுவுதொட்டியின் அடியில் அழுக்குநீர் சொட்டுகிறது, குழாய் பழுதுபார்ப்பவரை அழைக்கும்படி அவள் சொல்கிறாள், கணவன் மறக்கிறான், அவள் சாக்கைப் போட்டும் வாளியை வைத்தும் நாள்களைக் கடத்துகிறாள். சில நூறு ரூபாயில், அரை மணி நேரத்தில் முடியும் வேலை அது. உலகிலேயே மலிவான அடுக்களைப் புதுப்பித்தல் அதுவாகத்தான் இருக்கும். அது நடக்கவில்லை, ஏனெனில் அந்த நாற்றம் கூடத்துக்கு எட்டவில்லை. மலிவு என்பது ஒரு மாற்றம் நிகழப் போதுமானதன்று என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

எல்லை இவ்விவாதத்துக்கு இன்னுமொரு பாடம் தருகிறது. 1 நவம்பர் 1956 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழரின் கோரிக்கையில் இருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. இஞ்சிவிளைக்கும் களியக்காவிளைக்கும் இடையில் மண்ணும் மரமும் மாறுவதில்லை. அடுக்களை என்னும் சொல்லும் மாறவில்லை. ஆனால் அரசு மாறியது. அதனால் அடுக்களையும் ஓரளவு மாறியது. 2006-இல் அமைந்த தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பை இணைப்புடன் வழங்கியது. அடுத்து வந்த அரசு 15 செப்டம்பர் 2011 அன்று மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. களியக்காவிளையில் குடும்ப அட்டை வைத்திருந்தவர் வீட்டுக்குக் கிரைண்டர் வந்தது. சாலையின் மறுமுனையில் அதே தோசைக்கு அதே மாவை அரைத்தவர் சொந்தப் பணத்தில் வாங்கவேண்டியிருந்தது.

இத்திட்டங்களைக் கேலிசெய்து எழுதாத ஆங்கில நாளேடு குறைவு. தொழிற்சாலைக்குத் தரப்படும் வரிச்சலுகை ஊக்கத்தொகை. அடுக்களைக்குத் தரப்படும் கிரைண்டர் இலவசம். சொல்லிலேயே தீர்ப்பு அடங்கிவிட்டது. அம்மியின் முன்னும் ஆட்டுரலின் முன்னும் அமர்ந்து தோளும் இடுப்பும் தேய்ந்த தலைமுறையின் உழைப்புக்கு விலை குறிக்கப்படவில்லை. ஆகவே அதைக் குறைத்த கருவியும் பொருளாதார நன்மையாக எண்ணப்படவில்லை. அத்திட்டங்களின் வாக்கு அரசியலைக் குறைகூறலாம். பொருள்களின் தரத்தையும் குறைகூறலாம். ஆனால் ஓர் அரசு ஒரே ஆணையில் இலட்சக்கணக்கான அடுக்களைகளின் உடலுழைப்பைக் குறைத்தது என்னும் உண்மையை அந்தக் குறைகூறல் அழிக்காது. அத்திட்டங்களும் ஆட்டும் வேலையைக் குறைத்தன; புகையை அகற்றும் வேலையில் பாதியோடு நின்றன. கேரளமோ புகையற்ற அடுப்பை உருவாக்கிக் கொடுத்துவிட்டு, அதைப் பேணும் வேலையை அந்தந்த வீட்டின் போக்குக்கு விட்டுவிட்டது.

கட்டடக் கலையின் பங்கைப் பற்றியும் மிகையற்ற மதிப்பீடு தேவை. மார்கரெத்த ஷூட்ட-லிகோட்ஸ்கி 1926-இல் வடிவமைத்த பிராங்பர்ட் அடுக்களை, ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்டது. தொழிலாளர் குடியிருப்புகளில் சுமார் 10,000 எண்ணிக்கையில் அமைக்கப்பட்டது. இன்றைய மாடுலர் அடுக்களைகளின் மூதாய் அதுவே. ஆனால் அதன் தொடக்கக் கேள்வி வேறு: உழைக்கும் பெண்ணின் ஒவ்வோர் எட்டையும் எப்படிக் குறைப்பது? அலமாரி எங்கு இருக்கவேண்டும், வெளிச்சம் எப்பக்கம் விழவேண்டும், உட்கார்ந்து நறுக்க இடமுண்டா என்பவை அவர் கவலைகள். அந்த அடுக்களை பெண்ணைத் தனித்து அடைத்தது என்னும் பிற்காலப் பெண்ணிய விமரிசனமும் நியாயமானதே. அதன் வழித்தோன்றலான நெடுஞ்சாலையோர மாடுலர் அடுக்களையோ அந்தக் கேள்வியையே கைவிட்டு, தோற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டது. விற்பனை ஏட்டில் உள்ள மேடை உயரமே இதற்குச் சான்று. பல இடங்களில் அது 86 முதல் 91 செ.மீ. வரை. இந்தியப் பெண்ணின் சராசரி உயரம் சுமார் 152 செ.மீ. நின்று வேலை செய்யும் மேடை முழங்கைக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே இருக்கவேண்டும் என்பது உடலியக்க அறிவியலின் எளிய விதி. அவ்வுயரத்தினருக்கு அது 81 முதல் 86 செ.மீ. வரை வரும். அதன்மேல் அடுப்பும் அதன்மேல் கலமும் ஏறினால் தோளை உயர்த்தியே கிளறவேண்டும். அடுப்பிருக்கும் பகுதியை மட்டும் ஒரு சாண் தாழ்த்திக் கட்டினால் போதும். கட்டும்போது அதற்குத் தனிச்செலவு ஏதுமில்லை. அளவெடுக்க வரும் தச்சர் சுவரை அளக்கிறார், நிற்கப்போகிறவரை அளப்பதில்லை.

ஆகவே வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் சாய்ப்பின் அடுப்புக்கு, கூரைக்கு மேல் உயர்ந்து நிற்கும் புகைக்குழாய். மாதந்தோறும் அதன் கரியைத் தட்டும் பொறுப்பு வீட்டின் ஓர் ஆணுக்கு. அடுத்து, எதிரெதிர்ச் சுவர்களில் காற்றுவழி. சன்னலுக்குப் பணமில்லையெனில், திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த லாரி பேக்கர் தம் கட்டடங்களில் கையாண்டு காட்டிய இடைவெளிச் செங்கல் சுவர் போதும். சன்னல்சட்டமும் கம்பியும் கதவும் வேண்டாத சுவர் அது. அடுத்து, நிற்பவரின் முழங்கையை அளந்து கட்டிய மேடை. அடுத்து, ஒழுகாத கழுவுதொட்டியும், முற்றத்துக் குழாயிலிருந்து உள்ளே நீட்டிய ஒரு குழாயும். அடுத்து, நறுக்கும் இடத்தின்மேல் ஒரு விளக்கு. அதன்பின் சூடாறாப்பெட்டி. இவையனைத்தும் முடிந்தபின்பு பணம் எஞ்சினால் அலமாரிக் கதவுக்கு எந்த வண்ணம் வேண்டுமானாலும் பூசிக்கொள்ளலாம்.

மதிப்புயர்வு என்று சொன்னால்தானே வீட்டுத்தலைவர் பணம் தருவார், அச்சொல்லைத் தந்திரமாகப் பயன்படுத்தினால் என்ன என்று கேட்போர் உண்டு. இதுவே எதிர்த்தரப்பின் வலுவான வாதம். ஆனால் அச்சொல் எந்த மாற்றங்களுக்குப் பணத்தைத் திறக்கிறது என்று பார்க்கவேண்டும். விருந்தினர் காண்பவற்றுக்கு அது திறக்கிறது; சாய்ப்பின் புகைக்குழாய்க்குத் திறப்பதில்லை. விலையின் பெயரால் கேட்டுப் பெறும் அடுக்களை, விலைக்கு உதவும் அடுக்களையாகவே முடியும். பளபளக்கும் அடுக்களை பெண்ணுக்கும் பெருமை தரவில்லையா என்பது இன்னொரு கேள்வி. தரலாம். அழகை விரும்பும் உரிமை எல்லார்க்கும் உண்டு. ஆயின் அழகையும் மூச்சையும் ஒன்றுக்கொன்று எதிரெதிரே வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வது வீட்டின் வரவுசெலவு. அவள் விருப்பம் அன்று. பழைய அடுக்களையின் கரிபடிந்த சுவரில் மரபின் மணத்தைக் காணும் கட்டுரையாளர்களுக்கும் ஒரு சொல்: அந்தக் கரி சுவரில் மட்டும் படியவில்லை.

ஆய்வாளருக்கும் மாணவருக்கும் இதில் நேரடியான பொறுப்பொன்று உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டில் அடுக்களை உண்டா என்றும், சமையலுக்கு எந்த எரிபொருள் என்றும் கேட்டது. குடும்பநல ஆய்வு முதன்மை எரிபொருளைக் கேட்கிறது. 'உண்டு', 'எரிவாயு' என்று விடை எழுதியவுடன் சாய்ப்பின் இரண்டாவது அடுப்பு புள்ளிவிவரத்திலிருந்து மறைகிறது. இரண்டு அடுக்களைகள் உள்ள நிலப்பரப்பில் ஒற்றை அடுக்களைக்கான வினாநிரலோடு சென்று திரும்பும் ஆய்வேடு, வரைபடத்தை நம்பி வீட்டைக் காணாமல் வந்த ஆய்வேடு. சோறு எங்கே வேகிறது, வெந்நீர் எங்கே காய்கிறது, புகை எவ்வழியே வெளியேறுகிறது, குழாய் ஒழுகினால் யார் யாரிடம் சொல்லவேண்டும் என்னும் நான்கு கேள்விகளைக் கூடுதலாக எழுதிக்கொள்ளப் பெருநிதி தேவையில்லை.

பஞ்சாயத்துகளுக்கும் கருவி இல்லாமல் இல்லை. மக்கள் திட்டமிடல் காலந்தொட்டுக் கேரள உள்ளாட்சிகள் தம் திட்டநிதியில் குறைந்தது 10 விழுக்காட்டை மகளிர் கூறாக ஒதுக்கவேண்டும் என்பது விதி. 1998-இல் தோன்றிய குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்கள் எல்லா வார்டிலும் உள்ளன. புகைக்குழாய் அமைக்கவும் அடுப்பைப் பூசவும் பயிற்சி பெற்ற மகளிர் குழு ஒன்று வார்டுதோறும் ஆண்டுக்கொருமுறை வீடுவீடாகச் சென்றுவர, அந்த ஒதுக்கீட்டின் ஒரு சிறு பங்கு போதும். தேசியத் திட்டம் தோற்ற இடம் பழுதுபார்ப்பு. தொடங்கவேண்டிய இடமும் அதுவே. லைஃப் திட்டத்தின் கீழ் 4 இலட்சம் ரூபாய் உதவியுடன் சுமார் 400 சதுர அடியில் எழும் வீடுகளில், இறுதித் தவணைக்குமுன் புகைவழி இருக்கிறதா என்று ஒருவர் அண்ணாந்து பார்த்தாலே பாதி வேலை முடியும்.

பாறசாலையிலோ செங்கலிலோ குன்னத்துக்காலிலோ இன்று மாலையும் ஒரு சாய்ப்பில் அடுப்பு மூட்டப்படும். அதற்கு முன்னறையில் புதிய அலமாரியின் விலை பற்றிய பேச்சு நடந்துகொண்டிருக்கலாம். அப்பேச்சில் கலந்துகொள்ள அடுப்பின் முன் நிற்பவருக்கு நேரம் இராது. ஆகவே பேசுகிறவர்களே எழுந்து பின்கதவைத் திறந்து, அந்தப் புகையில் பத்து நிமிடம் நின்றுவிட்டு, பிறகு மதிப்பைப் பற்றிய பேச்சைத் தொடரட்டும்.